கபளீகரத்துக்குக் கிடைத்த முதற்பரிசு

அப்பாவின் கையில் சோறு மணப்பதற்கு முன்னால் உருகிய பிளாஸ்டிக் மணக்கும். சிட்னியில், செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் வாளிகளும் குப்பைக்கூடைகளும் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் அவர் பகல் வேலை பார்த்தார். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் விரலிடுக்குகளில் அந்தச் சூடான வாடை ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் மீன்குழம்பின் புளி ஏறும்போது எழும் மணம்தான் என் பதினொரு வயதின் மணம். எனக்கு அது அருவருப்பாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் நல்ல பிள்ளையாக நான் எங்கேயும் வரப்போவதில்லை.

பின்னேரம் நாலே முக்காலுக்கு அப்பா வீட்டுக்கு வருவார். ஐந்து மணி தாண்டியதும் பிளாக்டவுனில் ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவாக்கும் இரண்டாவது வேலைக்குப் புறப்பட வேண்டும். அந்த இடைவெளிக்குள் முகம் கழுவி, உடுப்பு மாற்றி, அம்மா கோப்பையில் போட்டு வைத்திருக்கும் சோற்றைக் குசினியில் நின்றபடியே நாலு நிமிடத்தில் முடித்துவிடுவார். சத்தமே வராது, மெல்லுகிறவனுக்குத்தானே சத்தம். அம்மா இதற்கு வைத்திருந்த சொல் "அவக்கு அவக்கு". "அவக்கு அவக்கெண்டு விழுங்காதையுங்கோ, விக்கப்போகுது" என்று அவர் தினமும் சொல்வார். "விக்கினால் தண்ணி குடிக்கலாம், பிந்தினால் என்னத்தைக் குடிக்கிறது" என்று அப்பாவும் தினமும் சொல்வார். அந்தச் சொல்லில் ஒரு குற்றமும் இருக்கவில்லை. வீட்டுக்குள் பிறந்து வீட்டுக்குள் புழங்கிய சொல். காயப்படுத்துகிற கூர் அதற்கு இல்லை. கூரான சொல் வெளியிலிருந்து வந்தது, அதுவும் தமிழறிவு என்ற பெயரில் வந்தது.

கொண்டுவந்தவர் நாயகம் அங்கிள். மரியநாயகம் என்பது முழுப்பெயர். யாழ்ப்பாணத்தில் ஏதோ ஒரு தனியார் கல்விநிலையத்தில் இரண்டு வருடம் தமிழ் படிப்பித்தவர். அந்த இரண்டு வருடத்தை வைத்துக்கொண்டே சிட்னியில் மிச்ச ஆயுள் முழுவதையும் பண்டிதராக ஓட்டியவர். இங்கே அவருடைய உத்தியோகம் ஒரு அரசாங்க அலுவலகத்தில் படிவங்கள் சரியாக நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது. எங்களுக்குப் பல வருடங்கள் முன்னால், சண்டை முற்றுவதற்கு முன்னால், ஒழுங்கான விசாவில் வந்து இறங்கியவர். அதனால் யாரையாவது அறிமுகப்படுத்தினால் பெயருக்கு முன்னாலேயே "நாங்கள் படிப்பிலை வந்தனாங்கள்" என்பார். எங்களைப்போல மன்னாரிலிருந்து படகில் இராமேஸ்வரம் போய், முகாமில் இருந்து, சுற்றி வளைத்து வந்தவர்கள் எதில் வந்தார்கள் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமல் உணர்த்துவதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

அவர் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். சோற்றைக் குழைப்பார், உருட்டுவார், உருட்டியதை ஒருமுறை பார்ப்பார், பிறகு வாய்க்கருகே கொண்டுபோய் அங்கேயே நிறுத்தி, தமிழினத்தின் பெருமை பற்றி இரண்டு வசனம் பேசிவிட்டுத்தான் உள்ளே விடுவார். விரலின் இரண்டாம் கணுவுக்கு மேலே குழம்பு படக்கூடாது. அவர் எழும்பும்வரை மேசையைத் துடைக்க முடியாது, இனிப்பு எடுத்து வைக்க முடியாது, அவருடைய மனைவி ரீட்டா அன்ரி முதலாகப் பெண்கள் ஒருவரும் சாப்பிட இருக்க முடியாது. "சாப்பாட்டிலை தெரியும் குடும்பம்" என்பது அவருடைய மூதுரை. அந்தக் காலத்தில் அதை நான் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன்.

ஒரு ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை, மாதா திருநாள் பூசைக்குப் பிறகு கோவில் மண்டபத்தில் சாப்பாடு நடந்தது. அப்பா வரிசையில் முன்னுக்கு நின்றதால் முதலில் எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்று, வழக்கம்போல முடித்து, கோப்பையைக் கழுவப் போனார். அப்போது நாயகம் அங்கிளின் கோப்பையில் முதற்கரண்டிச் சோறுதான் விழுந்திருந்தது. அவர் மண்டபத்துக்கே கேட்கும்படியாகச் சொன்னார்:

"பாருங்கோ, சூசை முழுசாய்க் கபளீகரம் செய்துபோட்டார்!"

சூசை என்பது என் அப்பா. அவர் திரும்பி, விளங்காத ஒரு சிரிப்போடு கேட்டார்: "அது காணிக்கெல்லே அண்ணை சொல்லுறது?"

அப்போதுதான் உண்மையான சிரிப்பு எழுந்தது. அப்பா அந்தச் சொல்லைப் பத்திரிகையில் மட்டுமே கண்டவர். ஊரிலிருந்து வரும் பழைய பத்திரிகைகளில் "காணிகள் கபளீகரம்" என்று தலைப்பு வரும். இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட்ட எங்கள் வீடும் பதினாறு பனையும் அந்தத் தலைப்புக்குள் அடக்கம். அவர் பிழையாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் சிரித்தார்கள், கோட்டுப் போட்டவர்கள், சேலைக்குப் பொருத்தமாகப் பை பிடித்தவர்கள், ஐந்து நிமிடத்துக்கு முன்தான் நற்கருணை வாங்கிய வாய்கள் எல்லாம் சிரித்தன. நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் நான் அவருடைய மகள் என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன், தெரியாதவர்கள் அங்கே ஒருவரும் இல்லை என்பது தெரிந்தும்.

அடுத்த சனிக்கிழமை, தான் நடத்திய தமிழ்ப் பள்ளியில் நாயகம் அங்கிள் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினார். கவளம் என்றால் ஒரு வாய்க்குள் அடங்குகிற அளவு உணவு. அதையே வடமொழியில் கபளம் என்பார்கள். எதையும் ஒரே கவளமாக ஆக்கி உள்ளே தள்ளிவிடுவது கபளீகரம். அதிலிருந்துதான் பிறர் பொருளை விழுங்குவதற்கும் அந்தப் பெயர் வந்தது என்றார். விளக்கம் சரிதான். அவர் சொன்னதில் சரியாக இருந்தது அது ஒன்றுதான். "மனிசன் கவளம் கவளமாய்ச் சாப்பிடுவான், மிருகம் கபளீகரம் பண்ணும்" என்று முடித்தார். கவளம் என்ற சொல்லை யானைக்குக் கொடுக்கும் சோற்றுருண்டைக்கும் சொல்வார்கள் என்பதோ, யானை அதை எவ்வளவு ஆறுதலாக மென்று தின்னும் என்பதோ அவருக்குத் தேவைப்படவில்லை. எனக்கும் அன்று தேவைப்படவில்லை. நான் அன்றே கட்சி மாறிவிட்டேன். அன்று பின்னேரம் அப்பா சாப்பிடும்போது பக்கத்தில் நின்று, ஒரு வாய்க்கு எத்தனை தரம் மெல்லுகிறார் என்று ஆங்கிலத்தில் உரக்க எண்ணினேன். மூன்றுக்கு மேல் போகவில்லை. அவர் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்.

ஆண்டு விழா வந்தது. பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு "ஒரு சொல்லின் கதை". மற்றப் பிள்ளைகள் அம்மா, அமுது, அன்பு என்று அடக்கமான சொற்களை எடுத்தார்கள். நான் கபளீகரத்தை எடுத்தேன். சொல்லின் வரலாற்றை நாயகம் அங்கிள் திருத்திக் கொடுத்தார், உதாரணம் என்னுடையது. அந்த உதாரணத்தையும் அவர் தலையில் கட்டிவிட எனக்கு நெடுங்காலம் ஆசை இருந்தது. அது பொய். குசினி மேசையில் இருந்து, பென்சிலைக் கடித்துக் கடித்து, ஒவ்வொரு சொல்லாக நானே யோசித்து எழுதியது அது.

"பசித்த யானைகூடக் கவளத்தை மென்று தின்னும், என் அப்பாவோ கோப்பையையும் சேர்த்து விழுங்கிவிடுவாரோ என்று நாங்கள் தினமும் அஞ்சுகிறோம்" என்று சொல்லி, பழகியபடி ஒரு கணம் நிறுத்தினேன். மண்டபம் வெடித்தது. முன்வரிசையில் நாயகம் அங்கிள் தொடையில் தட்டிச் சிரித்தார். பின்னால், கதவோரம், மஞ்சள் வேலைச்சட்டையோடு அப்பா நின்றார். வேலையில் ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார் என்று எனக்குத் தெரியாது. வரமாட்டார் என்ற தைரியத்தில்தான் அப்படி எழுதியிருந்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மற்றவர்கள் கைதட்டியபோது தானும் தட்டினார்; தட்டியபடியே பக்கத்தில் நின்றவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். "என்ரை மகள்" என்று சொன்னாராம். அந்த மனிதர் பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

முதற்பரிசு எனக்குத்தான். விழா முடிந்து ரோல்சும் வடையும் கொடுத்தார்கள். நான் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பாவிடம் ஒரு தட்டை நீட்டினேன்.

"வேண்டாம் பிள்ளை, நான் வரேக்கை சாப்பிட்டனான்."

தொழிற்சாலையிலிருந்து நேரே வந்தவர் எங்கே சாப்பிட்டிருப்பார்? நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும், எந்த மண்டபத்திலும் அவர் வரும்போதே சாப்பிட்டவராகத்தான் இருந்தார். வீட்டிலும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம், உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போய்விடுவார். "ஏன் அங்கை போறியள்?" என்று அம்மா கேட்டால் "இஞ்சை வெக்கையாய்க் கிடக்கு" என்பார். ஆடி மாதத்திலும் அதே பதில்தான்; சிட்னியில் அப்போது பல் கிட்டும் குளிர். என் திருமணத்தில்கூடப் பந்தி முழுவதும் பரிமாறியவர் அவர். கடைசிப் பந்தி எழும்பிய பிறகும் அவர் சாப்பிட்டதை நான் காணவில்லை.

பதினேழு வயதில், பள்ளிக்கூட விடுமுறையில், அதே தொழிற்சாலையில் வாளிகளை அடுக்கிப் பொதி செய்யும் வேலைக்கு ஆறு கிழமை போனேன். மதிய இடைவேளை இருபது நிமிடம். மணி அடித்ததும் கையுறையைக் கழற்றி, தூசி தட்டி, கை கழுவுவதற்கு வரிசை; பிறகு சாப்பாட்டைச் சூடாக்க இருந்த ஒரேயொரு மைக்ரோவேவ் முன்னால் வரிசை. நமது முறை வந்து, கதிரை கண்டுபிடித்து, பெட்டியைத் திறக்கும்போது மிச்சம் ஐந்து நிமிடமோ ஆறு நிமிடமோதான். முதல் நாள் நான் நாயகம் அங்கிளின் இலக்கணப்படி சாப்பிட்டேன். முக்கால்வாசியைக் குப்பையில் கொட்டினேன். இரண்டாம் நாளும் கொட்டினேன். மூன்றாம் நாள் பசி வந்தது. நாலாம் நாள் என் பெட்டி காலியானபோது மணி இன்னும் அடித்திருக்கவில்லை. சுற்றிப் பார்த்தேன். வியட்நாம்காரர், லெபனான்காரர், சமோவாப் பெண்கள், எல்லோரும் ஒரே மாதிரி, சத்தமில்லாமல், கீழே பார்த்தபடி. நாலு மேசை தள்ளி அப்பா. என்னைக் கண்டதும் கடைசி வாய்ச் சோற்றை அவசரமாகப் பெட்டி மூடியின் கீழே மறைத்தார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் காரில் கேட்டேன். "அப்பா, அண்டைக்கு மேடையிலை நான் அப்பிடிச் சொன்னதுக்கு நீங்கள் ஏன் ஒண்டும் ஏசேல்லை?"

அவர் கண்ணாடியைப் பார்த்துத் தடம் மாற்றினார். "நீ நல்லாத்தானே பேசினனி. ஒரு இடத்திலையும் தடக்கேல்லை."

கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் உண்மையாகவே சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்கு நாயகம் அங்கிள் மீது ஏற்பட்டதைக் கோபம் என்று சொல்ல முடியாது. கோபத்தில் எதிராளிக்கு ஒரு மரியாதை இருக்கிறது. இது வேறு. அவருடைய துடைத்த விரல்கள், உருட்டிய கவளம், வாய்வரை போய் நிற்கும் தமிழினப் பெருமை எல்லாவற்றையும் மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துத் துப்பினேன். சந்தர்ப்பத்துக்குக் காத்திருந்தேன். அந்த மார்கழியில் வந்தது. அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு வீட்டில் மத்தியானச் சாப்பாடு. பெரிய வீடு, நீண்ட மேசை, இருபது பேர். அப்பா "வரேக்கை சாப்பிட்டவர்" ஆதலால் முன்னறையில் இருந்தார். நான் தொழிற்சாலை வேகத்தில் சாப்பிட்டு முடித்து நிமிர்ந்தேன்.

"அட," என்றார் நாயகம் அங்கிள், உருண்டையை வாய்க்கருகே நிறுத்தி. "தேப்பனைப்போலப் பிள்ளையும் கபளீகரம் பண்ணத் தொடங்கிட்டுது!"

மேசை சிரித்தது. நான் காத்திருந்தேன், சிரிப்பு அடங்கும்வரை. மேடையில் நிறுத்தக் கற்றுக்கொடுத்தவரே அவர்தானே.

"அங்கிள், ரீட்டா அன்ரி இன்னும் சாப்பிடேல்லை. உங்களுக்குச் சோறு கொண்டுவாற இடைவெளியிலை குசினியிலை நிண்டு சட்டிக்குள்ளை கைவிட்டு அள்ளிப் போடுறா. நான் கண்டனான். அவவுக்கும் ஒருக்கா அந்தச் சொல்லின்ரை மூலத்தைச் சொல்லிக் குடுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவருடைய கை அப்படியே நின்றது. உருண்டை உடைந்து இரண்டு பருக்கை மேசைவிரிப்பில் விழுந்தது.  அந்த நிமிடத்தை நான் ஒரு வெற்றியாக அனுபவித்தேன், முழுமையாக, நிதானமாக, மென்று மென்று. பிறகுதான் எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்று பார்த்தேன். குசினி வாசலில் ரீட்டா அன்ரி நின்றார். கையில் பருப்புக் கிண்ணம். வாய் நிறையச் சோறு. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கன்னமும் உப்பியபடி, கண்ணில் நீர் கட்ட அந்த மனுஷி நின்றார்.

காரில் அம்மா பிளாக்டவுன் தாண்டும்வரை ஏசிக்கொண்டு வந்தார். இனி எந்த முகத்தோடு கோவிலுக்குப் போவது என்பதுதான் அவருடைய கவலை. அப்பா பாதையைப் பார்த்து ஓட்டினார். அவருக்குள்ளே கொஞ்சமாவது மகிழ்ச்சி இருக்கும் என்று நான் நம்பினேன். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டார்:

"அந்த மனிசியை ஏன் இழுத்தனி?"

"அவருக்குத்தானே அப்பா சொன்னனான். உங்களுக்காகத்தானே..."

"அவருக்குச் சொன்னனி. சரி. வாய்க்குள்ளை சோத்தோடை நிண்டது ஆர்?"

விளக்குப் பச்சையானது. அவர் காரை எடுத்தார். 

நாயகம் அங்கிள் எங்களைக் கூப்பிடுவதை நிறுத்தினார், அதில் நட்டமில்லை. ரீட்டா அன்ரியிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் போய் இரண்டு தரமும் வாசலில் அவரே முந்திக்கொண்டு "தேத்தண்ணி குடிக்கிறியே பிள்ளை?" என்று கேட்டதால் தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். கோழைகளுக்குத் தேநீர் நல்ல வசதி.

இப்போது நான் மெல்பேர்னில், கிளேட்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் நிர்வாக வேலை பார்க்கிறேன். நாயகம் அங்கிள் இறந்து பத்து வருடத்துக்கு மேல். அவருடைய தமிழ்ப் பள்ளி வேறு கைக்கு மாறிவிட்டது. பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாது, தெரியாமல் இருப்பதே நல்லது. செவன் ஹில்ஸ் தொழிற்சாலை இருந்த இடத்தில், வீட்டில் வைக்க இடமில்லாத சாமான்களை மனிதர்கள் வாடகைக்குப் பூட்டிவைக்கும் தகரக் கொட்டகைகள் வரிசையாக நிற்கின்றன. அம்மா போனபின் அப்பா என்னோடுதான் இருக்கிறார். மகனும் நானும் மேசையில் இருந்தால் "நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பிறகு" என்பார். என் மகன் "ஓகே தாத்தா" என்று ஆங்கிலத்துக்குப் போய்விடுவான்.

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஊழியர் நலனுக்காக ஒரு பயிற்சி வைத்தார்கள். கவனித்து உண்ணும் கலையாம். சப்பாத்தில்லாமல் வந்த ஓர் இளைஞன் ஆளுக்கொரு உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுத்து, அதைப் பார்க்கச் சொன்னான், மணக்கச் சொன்னான், காதில் வைத்துக் கேட்கவும் சொன்னான். ஒரு திராட்சைக்குப் பத்து நிமிடம். மதியச் சாப்பாட்டைக் கணினி முன்னால் இரண்டு கையாலும் அடைகிற என் சக ஊழியர்கள், கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் பக்தியோடு, அந்த வற்றலை வணங்கினார்கள். நாயகம் அங்கிளுக்கு வாரிசு இல்லாமல் போகவில்லை. நான் என்னுடையதை வாயில் போட்டு விழுங்கிவிட்டு, தலையிடி என்று சொல்லி எழும்பி வீட்டுக்கு வந்தேன்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். பக்கவாட்டுப் பாதையால் வந்தபோது குசினி யன்னலில் அப்பாவைக் கண்டேன். மேசையில் இருந்தார். முன்னால் சோறும் விளைமீன் குழம்பும். வானொலி மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. அவர் மீனின் முதுகு முள்ளை முழுசாக உருவி எடுத்து, கோப்பையின் கரையில் நேராக வைத்தார். சதையைச் சோற்றோடு பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். மென்றார். நீண்ட நேரம் மென்றார். பிறகு பாட்டைக் கேட்டபடி சும்மா இருந்தார். பிறகு இன்னொரு வாய். முப்பது வருடங்களில் என் அப்பா வீட்டு மேசையில் இருந்து சாப்பிடுவதை நான் கண்டது அன்றுதான். அந்த அவசரம் அவரை விட்டுப் போயிருந்தது. எப்போது போனது, எத்தனை வருடமாக இப்படித் தனியே இருந்து ஆற அமரச் சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியாது.

உள்ளே போயிருந்தால் எழும்பியிருப்பார். கோப்பையை ஒதுக்கிவிட்டு, "நான் முடிச்சிட்டன் பிள்ளை, உனக்குப் போடட்டே?" என்று கேட்டிருப்பார். ஆகவே நான் யன்னல் பார்வைக்கு எட்டாமல், குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில், அவர் கைகழுவும் சத்தம் கேட்கும்வரை நின்றேன்.